கேபிள் குத்தியும் லைன் வரவில்லை: ரிப்பீட்டர் வைத்த வீடுகளுக்கான கேள்வி பதில்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தாமான்களில், அதாவது குடியிருப்புகளில், நிறையப் பேர் தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டு வந்தவர்கள். வீடுகள் ஏறக்குறைய ஒரே அச்சு. முன்னால் அஞ்சடி (முன் தாழ்வாரம்), அப்புறம் ஹால், ஓரமாக அறைகள், பின்னால் இழுத்துக் கட்டிய சமையற்கட்டு, அதையும் தாண்டிப் பிள்ளைகள் படிக்க ஒரு சின்ன அறை. ஃபைபர் லைன் ஹாலில் சாமி மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறது. வைஃபை சமையற்கட்டுச் சுவரைத் தாண்டுவதில்லை. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, வகுப்பெல்லாம் வீட்டுக்குள் வந்தபோது, நடுவில், வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு ரிப்பீட்டரைச் செருகி, அதிலுள்ள கேபிள் துளையில் கணினியைக் குத்திச் சமாளித்தோம். அந்த ஏற்பாடுதான் இன்றைக்கும் பல வீடுகளில் ஓடுகிறது.

இவை அக்கம்பக்கத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள். ஃபைபரோடு வந்த பெட்டியை ‘ஹால் ரூட்டர்’ என்றும், நடுவில் இருப்பதை ‘ரிப்பீட்டர்’ என்றும் சொல்கிறேன். மெஷ் செட் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக ஓடுவது) வைத்திருந்தாலும், பெட்டிகளுக்கு நடுவே கேபிள் இல்லையென்றால் பெரும்பாலான பதில்கள் உங்களுக்கும் பொருந்தும்.

ரிப்பீட்டரில் கேபிள் குத்தியிருக்கிறேன். இது கம்பி இணைப்புதானே அண்ணே, அப்புறம் ஏன் வேகமே இல்லை?

கடைசி இரண்டு மீட்டர்தான் கம்பி. ரிப்பீட்டரிலிருந்து ஹால் வரைக்கும் எல்லாமே காற்றில்தான் போகிறது. அந்தக் காற்றுவழி எவ்வளவு தள்ளாடுகிறதோ, அவ்வளவும் கேபிளின் முனையில் தெரியும். கணினி மட்டும் ‘ஈதர்நெட் இணைக்கப்பட்டது’ என்று காட்டும். அது பொய் இல்லை. ரிப்பீட்டர் வரைக்கும் இணைப்பு உண்டு என்றுதான் அது சொல்கிறது. ஹாலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

அதற்காக கேபிள் குத்துவதில் லாபமே இல்லை என்று நினைக்காதீர்கள். ஒரே அலைவரிசை உள்ள ரிப்பீட்டரில் வைஃபை வழியாகச் சேர்ந்த கைப்பேசிக்கு வேகம் பாதியாகக் குறையும். ஹாலிலிருந்து வருவதை ரிப்பீட்டர் முதலில் கேட்க வேண்டும், அப்புறம் அதே அலைவரிசையில் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் அதனால் முடியாது. கேபிளில் குத்திய கணினிக்கு அந்த இரண்டாவது பயணம் காற்றில் இல்லை என்பதால் பாதி இழப்பும் இல்லை. ஆனால் அதே ரிப்பீட்டரில் மூன்று கைப்பேசிகள் படம் பார்த்துக்கொண்டிருந்தால், ஹாலுக்குப் போகும் வழியை உங்கள் கணினி அவற்றோடு பங்கு போட்டே ஆக வேண்டும்.

இன்னொன்று, துளையின் வேகம். பெட்டியின் மேல் ஏசி1200 என்று பெரிதாகப் போட்டிருக்கும் பல ரிப்பீட்டர்களில் கேபிள் துளை 100 எம்பிபிஎஸ்தான். அதில் உண்மையாகக் கிடைப்பது அதிகம் போனால் 94 அல்லது 95. நீங்கள் 300க்குப் பணம் கட்டுகிறீர்கள், வேகச் சோதனையில் 94 காட்டுகிறது என்றால் எதுவும் கெட்டுப்போகவில்லை. துளையின் அளவு அவ்வளவுதான்.

கேபிள் குத்தினால் வைஃபையைவிட மெதுவாகிறது. எப்படி?

மடிக்கணினியில் இரண்டும் இருந்தால் விண்டோஸ் பெரும்பாலும் கேபிளைத்தான் தேர்ந்தெடுக்கும். அந்த இடத்தில் ஹால் ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே நேரடியாக நன்றாகக் கிடைக்கிறது என்றால், நீங்கள் கேபிளைக் குத்தி நல்ல வழியை விட்டுச் சுற்றுவழியில் போகிறீர்கள். கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு சோதனை செய்து பாருங்கள். நன்றாக இருந்தால் கழற்றியே வையுங்கள்.

எங்கே பிழை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாவற்றையும் அடைத்துத் திறந்து (ஆஃப் செய்து ஆன் செய்து) பார்த்தாகிவிட்டது.

அடைத்துத் திறந்தால் சில நேரம் சரியாகும், ஆனால் எது கெட்டது என்று தெரியாமலே போய்விடும். வழியைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பதுதான் என் பழக்கம். இருபது நிமிடம் போதும்.

மடிக்கணினியையும் நீங்கள் இப்போது பயன்படுத்தும் அதே கேபிளையும் எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போங்கள். நேராக ஹால் ரூட்டரில் குத்துங்கள். வேகம் நன்றாக இருக்கிறதா? அப்படியென்றால் லைன், கேபிள், கணினி மூன்றும் நலம். ஒரே அடியில் மூன்று சந்தேகம் தீர்ந்தது. மோசமாக இருந்தால் வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் அதே கதை என்றால் ரிப்பீட்டரை விட்டுவிட்டு லைன் கொடுத்த நிறுவனத்தை அழையுங்கள்.

அடுத்து, ரிப்பீட்டரை ஹாலுக்கே தூக்கி வந்து, ரூட்டரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளிச் செருகுங்கள். கணினியை ரிப்பீட்டரில் குத்துங்கள். இங்கே நன்றாக ஓடினால் ரிப்பீட்டரும் நலம், அதன் அமைப்பும் சரி. பிழை, அது வழக்கமாக இருக்கும் இடத்தில். இங்கேயும் ஓடவில்லையென்றால் ரிப்பீட்டரை முதலிலிருந்து அமைக்க வேண்டும்.

பெட்டிகளை நகர்த்த முடியாதவர்கள் கணினியின் கட்டளைப் பலகையில் (கமாண்ட் ப்ராம்ப்ட்) பிங் செய்து பார்க்கலாம், அதாவது ஒரு முகவரிக்குக் குரல் கொடுத்து, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கலாம். முதலில் ரிப்பீட்டரின் முகவரிக்கு, அப்புறம் ஹால் ரூட்டருக்கு (பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1), அப்புறம் வெளியே 8.8.8.8க்கு (அது கூகுளின் முகவரி). ரிப்பீட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லி ஹால் ரூட்டர் தடுமாறினால், குற்றம் நடுவிலுள்ள காற்றுவழியில். ஹால் ரூட்டர் ஒழுங்காகப் பேசி 8.8.8.8 பேசவில்லையென்றால் வீட்டுக்கு வெளியே. 8.8.8.8 பேசியும் பக்கங்கள் திறக்கவில்லையென்றால் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் கோளாறு. நேரத்தையும் கவனியுங்கள். ஹால் ரூட்டர் இரண்டு, மூன்று, ஐந்து மில்லிசெகண்டில் பதில் சொன்னால் நல்லது. ஒரு முறை 4, அடுத்த முறை 180 என்று குதித்தால், வகுப்பு நடுவில் ஆசிரியரின் குரல் விட்டு விட்டுக் கேட்பதற்கு அதுதான் காரணம். வேகச் சோதனையில் இது தெரியாது. பிங் செய்தால்தான் தெரியும்.

ரிப்பீட்டரை எங்கே வைப்பது?

லைன் செத்துப்போன இடத்தில் அல்ல. அங்கே கொண்டுபோய் வைத்தால், இல்லாத லைனைத்தான் ரிப்பீட்டர் திருப்பிச் சொல்லும். ஹால் ரூட்டரின் வைஃபை இன்னும் தெம்பாக இருக்கும் கடைசி இடத்தில் வையுங்கள். கைப்பேசியில் வைஃபை அளக்கும் செயலி இருந்தால் அந்த இடத்தில் –65 அல்லது –70 டிபிஎம் (வைஃபையின் பலத்தை அளக்கும் அலகு) காட்ட வேண்டும். –80 என்றால் வேண்டாம். இந்த வீடுகளில் அது பெரும்பாலும் ஹாலுக்கும் சமையற்கட்டுக்கும் நடுவிலுள்ள வாசற்படி ஓரம். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் செருகாதீர்கள். இரும்பும் தகரமும் அலையைத் திருப்பி அடிக்கும். நீளம் தேவைப்பட்டால் ரிப்பீட்டரிலிருந்து கணினிக்குப் போகும் கேபிளை நீட்டுங்கள். அது 15 மீட்டர் போனாலும் ஒன்றும் ஆகாது.

குத்திய இடத்தில் விளக்கே எரியவில்லை.

கேபிளை மாற்றிப் பாருங்கள். கிளிப் உடைந்த கேபிள் குத்தின மாதிரி இருக்கும், ஆனால் தொடாது. கூரைக்குள் போகும் கேபிள் என்றால் எலி கடித்திருக்கலாம். துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எறும்பு கூடு கட்டியதையும், பல்லி முட்டை இட்டதையும் நான் என் கையால் எடுத்திருக்கிறேன். இடி இடித்த மறுநாள் என்றால் கீழே மழை பற்றிய பதிலைப் படியுங்கள்.

விளக்கு எரிகிறது, ஆனால் இணையம் இல்லை. முகவரி 169.254 என்று ஆரம்பிக்கிறது.

முகவரி கொடுக்க யாரும் இல்லாததால் கணினி தனக்குத்தானே வைத்துக்கொண்ட எண் அது. ரிப்பீட்டருக்கும் ஹால் ரூட்டருக்கும் தொடர்பு அறுந்துவிட்டது என்று பெரும்பாலும் அர்த்தம். ஹாலில் யாராவது வைஃபை கடவுச்சொல்லை மாற்றினார்களா, ரூட்டரைப் புதிதாக மாற்றினார்களா என்று கேளுங்கள். கைப்பேசியில் புதுக் கடவுச்சொல்லைப் போட்டுவிடுவோம், ரிப்பீட்டருக்கும் சொல்ல வேண்டும் என்பது மறந்துவிடும். பின்னறைக் கணினி மட்டும் அநாதையாக நிற்கும்.

மின்தடைக்கு அப்புறம் இப்படி ஆனால் வரிசைதான் பிரச்சினை. மின்சாரம் திரும்பியதும் ரிப்பீட்டர் சீக்கிரம் எழுந்துவிடுகிறது. ஹால் ரூட்டருக்கு ஃபைபரோடு பேசி நிற்க இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கிறது. அதற்குள் கணினி கேட்டுப் பார்த்துவிட்டுச் சோர்ந்துவிடும். ஹால் ரூட்டரை முதலில் போட்டு, அது நிலைத்த பிறகு ரிப்பீட்டரை, கடைசியில் கேபிளைக் கழற்றிக் குத்துங்கள்.

கிகாபிட் ரிப்பீட்டர்தான் வாங்கினேன். கணினியில் இணைப்பு வேகம் 100 என்றுதான் நிற்கிறது.

கேபிளுக்குள் எட்டு நரம்பு உண்டு. 100க்கு நான்கு போதும், அதாவது 1, 2, 3, 6ஆம் ஊசிகள். 1000க்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒரே ஒரு நரம்பு அறுந்தாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், இணையம் ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மலிவாகக் கிடைக்கும் கேபிள்களில் செம்பு பூசிய அலுமினியம் நிறைய. இரண்டு முறை மடித்தால் உள்ளே ஒடிந்துவிடும். கேட்5இ என்று அச்சிட்ட நல்ல செம்புக் கேபிளே 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும். வீட்டுக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. கேபிளின் முனைக்கு நீங்களே தலை (பிளக்) அடிப்பவராக இருந்தால், கிளிப் கீழே இருக்க, ஊசிப் பக்கத்தை உங்களை விட்டுத் தள்ளிப் பிடித்து, இடமிருந்து வலம்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையும் ஒரே வரிசை. பச்சை ஜோடி நீலத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்பது தப்பாகத் தெரியும், ஆனால் அப்படித்தான் இருக்க வேண்டும். அழகாக ஜோடி ஜோடியாக அடுக்கினால் குறுகிய தூரத்தில் ஓடிவிட்டு நீளம் கூடியதும் தடுமாறும்.

பழைய ரூட்டரைப் பின்னறைக்குப் போட்டிருக்கிறேன். இணையம் வருகிறது, ஆனால் ஹாலில் இருக்கும் பிரிண்டர் தெரியவில்லை.

இரண்டு ரூட்டரும் தனித்தனிக் குடும்பம் நடத்துகின்றன. உங்கள் கணினி 192.168.1 வரிசையில், பிரிண்டர் 192.168.0 வரிசையில் இருக்கும். பழைய பெட்டி உங்கள் கணினியைத் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு வெளியே பேசுகிறது. வெளியுலகம் தெரியும், பக்கத்து அறை தெரியாது.

பழைய ரூட்டரின் அமைப்பில் ரிப்பீட்டர் முறை அல்லது பிரிட்ஜ் முறை இருந்தால் அதற்கு மாற்றுங்கள். பெயர் தெளிவாக இல்லையென்றால் செய்ய வேண்டியவை இவை: முகவரி கொடுக்கும் டிஎச்சிபி வேலையை அதில் நிறுத்த வேண்டும். அதன் சொந்த முகவரியை ஹால் ரூட்டரின் அதே வரிசையில், ஆனால் வேறு எண்ணாக வைக்க வேண்டும். கணினியைத் தனியாக நிற்கும் துளையில் அல்லாமல், எண் போட்ட லேன் துளையில் குத்த வேண்டும். டிஎச்சிபியை நிறுத்த மறந்தால் வீட்டில் இரண்டு பேர் முகவரி கொடுப்பார்கள். இன்றைக்கு ஓடும், நாளைக்கு ஓடாது. என் அனுபவத்தில் மனிதர்களை அதிகம் அலைய வைப்பது இதுதான், ஏனென்றால் பிழை ஒரே இடத்தில் நிற்காது.

ரிப்பீட்டர் விருந்தினர் வைஃபையில் சேர்ந்திருந்தாலும் பிரிண்டர் தெரியாது. விருந்தினர் வலையின் வேலையே வீட்டுச் சாமான்களை மறைப்பதுதான்.

ஹால் ரூட்டரின் பட்டியலில் என் கணினியைக் காணவில்லை. ரிப்பீட்டரின் பெயரே இரண்டு மூன்று முறை வருகிறது. யாராவது உள்ளே நுழைந்துவிட்டார்களா?

இல்லை, பயப்படாதீர்கள். வைஃபையில் ஒரு கருவி பேச வேண்டுமென்றால் அது முதலில் ரூட்டரோடு சேர வேண்டும். சேர்ந்தவரின் மேக் எண்ணில் (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) வருவதைத்தான் ரூட்டர் ஏற்கும். கேபிளில் குத்திய உங்கள் கணினி ஹால் ரூட்டரோடு சேரவே இல்லை, சேர்ந்தது ரிப்பீட்டர்தான். அதனால் கணினி அனுப்புவதையெல்லாம் ரிப்பீட்டர் தன் மேக் எண்ணைப் போட்டு அனுப்புகிறது, பதில் வந்ததும் திருப்பி மாற்றிக் கொடுக்கிறது. கடிதத்தைத் தோட்டத்து ஆபிஸ் முகவரிக்கு வரவழைத்து, கிராணி (ஆபிஸ் எழுத்தர்) லயத்துக்குப் பிரித்துக் கொடுத்த மாதிரி. அசல் கருவியின் எண்ணையும் சேர்த்து அனுப்பும் ‘நாலு முகவரி’ முறையில் பேசும் பெட்டிகளுக்கு இந்தத் தேவை இல்லை. பல மெஷ் செட்டுகள் தங்களுக்குள் அப்படித்தான் பேசிக்கொள்கின்றன.

இதைத் தெரிந்து வைத்திருந்தால் பல புதிர்கள் அவிழும். பிரிண்டருக்கு என்று மேக் எண் போட்டு முகவரியை ஒதுக்கி வைத்தும் அது பிடிக்காமல் போகலாம். பிள்ளைகளின் கணினிக்கு இரவு 10 மணிக்குப் பூட்டு போட்டால் பின்னறையில் எல்லாமே பூட்டிக்கொள்ளலாம். மேக் வடிகட்டி போட்டிருந்தால், அனுமதித்த கணினியே வெளியே நிற்கலாம். பிரிண்டருக்கு என்றால், ஹால் ரூட்டர் வாரிக் கொடுக்கும் எண்களுக்கு வெளியே ஒரு முகவரியைப் பிரிண்டரிலேயே நிலையாகப் போட்டுவிடுங்கள். அத்தோடு தொல்லை விட்டது.

வேகம் கூடட்டும் என்று ஹாலிலிருந்து ரிப்பீட்டருக்கு ஒரு கேபிளும் இழுத்தேன். முழு வீடும் நின்றுவிட்டது!

அந்தக் கேபிளை உடனே கழற்றுங்கள். ரிப்பீட்டர் காற்றிலும் சேர்ந்திருக்கிறது, கம்பியிலும் சேர்ந்திருக்கிறது. வட்டம் உண்டாகிவிட்டது. ‘இந்த முகவரி யாருடையது?’ என்று ஒரு கருவி எல்லாரையும் பார்த்துக் கேட்கும் கேள்வி, ஒரு வழியாகப் போய் மறுவழியாகத் திரும்பி வந்து, மறுபடி போகும். இந்த மட்டத்தில் போகும் செய்திக்கு ஆயுள் எண்ணிக்கை கிடையாது, அதுவாகச் சாகாது. சில நொடிகளில் வலை முழுக்க அந்தக் கூச்சல்தான்.

என் தங்கை வீட்டில் இது நடந்தது. மகள் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) படித்துக்கொண்டிருந்த வருடம். மூன்று நாள் லைன் காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போய் எல்லாத் துளை விளக்கும் ஒரே தாளத்தில் வெறி பிடித்தது போல மின்னுவதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். கேபிள் இழுத்தது நல்ல எண்ணம்தான். ரிப்பீட்டரை, கம்பியில் வாங்கி வைஃபையாகக் கொடுக்கும் அணுகுமுனை முறைக்கு, அதாவது ஏபி முறைக்கு, மாற்றிவிட்டு அதற்கப்புறம் குத்தியிருக்க வேண்டும். மெஷ் செட்டுகள் பெரும்பாலும் வட்டத்தைத் தாமாகக் கண்டுகொண்டு ஒரு வழியை அடைத்துவிடும். சாதாரண ரிப்பீட்டரிடம் அதை எதிர்பார்க்காதீர்கள்.

மழை பெய்தால் மட்டும் பின்கட்டுக்கு லைன் போய்விடுகிறது.

மழைத்துளி இந்த அலைகளை அவ்வளவாகத் தொடாது. நனைந்த இலை தொடும். பின்கட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் வாழைத்தோப்போ செம்பனையோ இருந்தால், மழையில் அது தண்ணீர்ச் சுவராகிவிடும். ரிப்பீட்டரை நேர்ப்பார்வையில் இலைக்கு மேலோ பக்கவாட்டிலோ நகர்த்த முடியுமா என்று பாருங்கள். தூரத்துக்கும் சுவருக்கும் 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 தாக்குப்பிடிக்கும். அதில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

இடி வேறு விஷயம், இதை நான் கெஞ்சியே சொல்கிறேன். ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பரிலும், பருவக்காற்று மாறும் நேரத்தில் பிற்பகல் இடி நமக்குப் பழகினது. ஃபைபர் கண்ணாடி, அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ரூட்டரின் மின் இணைப்பும், வீட்டுக்குள் ஓடும் செம்புக் கேபிளும் கடத்தும். நீளமான கேபிள் ஒரு ஆண்டெனா மாதிரி அதிர்ச்சியை இழுத்துத் துளைக்குள் கொண்டுவரும். இடிக்கு மறுநாள் வைஃபை ஓடும், கேபிள் துளை மட்டும் செத்திருக்கும். ஹால் ரூட்டரில் வேறு துளையில் குத்திப் பாருங்கள், ஒன்று செத்தாலும் மற்றவை பிழைத்திருக்கலாம். கணினியின் துளை போயிருந்தால் யுஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் ஒன்று போதும், கணினியை மாற்ற வேண்டியதில்லை.

இடி தொடங்கும் முன்பே மின் பிளக்கை மட்டும் கழற்றாமல் லேன் கேபிளையும் கழற்றுங்கள். அக்கா வீடு பக்கத்து வீடுதானே என்று வேலி வழியாகச் செம்புக் கேபிள் இழுக்கவே வேண்டாம். இரண்டு வீட்டின் நிலஇணைப்பும் (எர்த்) வேறு வேறு, இடி நேரத்தில் அந்த வித்தியாசம் முழுக்க அந்தக் கேபிள் வழியாகப் பாயும். பெட்டியோடு போகாது, தொட்டவரையும் தாக்கும். இரண்டு கட்டடத்தை இணைக்க வேண்டுமென்றால் ஃபைபர் கேபிளும், இரண்டு முனையிலும் ஒரு மாற்றிப் பெட்டியும் போடுங்கள்.

டிவி பெட்டியை ரிப்பீட்டரில் குத்தினால் சேனல் வரவில்லை. யூடியூப் வருகிறது.

பழைய வகை ஐபிடிவி பெட்டி இணைய வழியில் போவதில்லை, ஃபைபருக்குள் அதற்கென்று தனிப் பாதை உண்டு. ஹால் ரூட்டரில் அதற்கு ஒதுக்கிய துளையில்தான் அந்தப் பாதை திறக்கும். ரிப்பீட்டர் அதைத் தூக்கி வராது. இணையத்தில் ஓடும் புதிய ஆண்ட்ராய்டு பெட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை.

பவர்லைன் அடாப்டர் போடலாமா?

வீட்டின் மின்கம்பி வழியாகவே லைன் அனுப்பும் கருவி அது. நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள், எக்ஸ்டென்ஷனில் வேண்டாம். பின்னால் இழுத்துக் கட்டிய பகுதிக்கு வேறு மின்சுற்று என்றால் மெலிந்துதான் வரும். திருப்பித் தரலாம் என்ற பேச்சோடு வாங்குங்கள்.

பேசாமல் பின்னறை வரைக்கும் கேபிளே இழுத்துவிட்டால்?

இழுத்துவிடுங்கள். பிள்ளை படிக்கும் அறை என்றால் யோசிக்கவே வேண்டாம். இந்த வீடுகளில் ஹாலிலிருந்து பின்னறைக்கு 20, 25 மீட்டருக்கு மேல் போகாது. சுவரோரம் பிளாஸ்டிக் குழாய்க்குள் விடுங்கள். மின்கம்பியோடு ஒரே குழாயில் வேண்டாம். கூரைக்கு வெளியே வெயில் படும் பகுதிக்கு வெளிப்புறக் கேபிள் என்று கேட்டு வாங்குங்கள், உள்கேபிளின் தோல் வெயிலில் வெடித்துவிடும்.

அந்த ரிப்பீட்டரைத் தூக்கி எறியாதீர்கள். ஏபி முறைக்கு மாற்றி அதே கேபிளின் முனையில் வையுங்கள். பின்னறைக்கு வைஃபையும் கிடைக்கும், இந்த முறை காற்றில் பங்கு போடாமல். துளை ஒன்றுதான் என்றால் நடுவில் ஐந்து துளை சுவிட்ச் (ஒரு கேபிளைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) ஒன்று போட்டு, கணினியையும் பிரிண்டரையும் அதில் குத்திக்கொள்ளலாம். குழாயை மூடும் முன் கேபிளோடு ஒரு நைலான் கயிற்றையும் உள்ளே விட்டு வையுங்கள். எலி கடித்த அன்றைக்கு, சுவரை உடைக்காமல் புதுக் கேபிளை இழுக்க அது உதவும்.